வீணை தனம்மாள்

வீணை தனம்மாள் (1867 - அக்டோபர் 15, 1938) கருநாடக இசை உலகில் புகழ்பெற்று விளங்கிய வீணைக் கலைஞரும் பாடகரும் ஆவார். சென்னையில் பிறந்து சென்னையிலேயே வாழ்ந்த இவர், பதம், ஜாவளி ஆகிய இசை வடிவங்களையும், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகியோரின் கீர்த்தனைகளையும் பழைய பாடமுறை பிறழாமல் காத்து அடுத்த தலைமுறைக்கு அளித்தவராகக் கருதப்படுகிறார். இவருடைய மகள்கள் நால்வரும் பாடகர்கள். டி. பிருந்தா, டி. முக்தா, டி. அபிராமசுந்தரி, நடனக் கலைஞர் டி. பாலசரஸ்வதி ஆகியோர் இவருடைய பேத்திகள். டி. சங்கரன், மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன், புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் ஆகியோர் பேரன்கள்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வீணை வாசித்த இவரது இசையில் ஒலிப்பதிவாக எஞ்சியிருப்பது மிகச் சிறிய பகுதியே. ஆகவே தனம்மாளின் இசையை அறிய விரும்புவோர்க்கு, அவருடைய இசைத்தட்டுகளைக் காட்டிலும் அவருடைய மகள்களும் பேத்திகளும் பாடிப் பதிவான பாடல்களே பெரிதும் துணை செய்கின்றன.

குடும்பப் பின்னணி

தனம்மாளின் முன்னோர் தஞ்சாவூர் அரசவையைச் சார்ந்து வாழ்ந்த இசை, நடனக் கலைஞர்கள். இவருடைய பாட்டி காமாட்சி அம்மாள் தஞ்சை அரசவையில் ஆடிய நடனக் கலைஞர். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபின் அவ்வரசு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அரசவை ஆதரவு நலிந்த அக்காலத்தில் தஞ்சைக் கலைஞர் குடும்பங்கள் பல சென்னைக்குக் குடிபெயர்ந்தன. வணிகர்களும் துபாஷிகளும் நிறைந்திருந்த ஜார்ஜ் டவுன் பகுதி அவர்களுக்குப் புதிய புரவலர்களை அளித்தது. காமாட்சியின் குடும்பமும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வாறு சென்னைக்கு வந்தது. எனினும் ஊர்ப்பெயரை அவர்கள் விடவில்லை. பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்கு முன் நிற்கும் 'டி.' என்னும் தலைப்பெழுத்து தஞ்சாவூரையே குறிக்கிறது, தந்தை பெயரையன்று. தாய்வழியாகவே மரபும் உடைமையும் தொடர்ந்த குடும்பங்களில் இது வழக்கமாக இருந்தது.

தாயார் சுந்தரம்மாள் பாடகர். சியாமா சாஸ்திரிகளின் மகனான சுப்பராய சாஸ்திரிகளிடம் (1803 - 1862) இசை பயின்றவர். இத்தொடர்பினால் சியாமா சாஸ்திரிகளின் கீர்த்தனைகள் அவர் இல்லத்திலிருந்தே நேரடியாக இக்குடும்பத்தினருக்கு வந்து சேர்ந்தன. சியாமா சாஸ்திரிகள் இயற்றியவை மற்ற இருவரின் பாடல்களை விட எண்ணிக்கையில் குறைவு. அவற்றைப் பாடியவர்களும் குறைவு. எனவே இந்த ஒரு குடும்பம் அவற்றைப் பேணியதன் பயன் பெரிது.

தனம்மாளின் உடன்பிறந்த நாராயணசாமி வயலின் கலைஞர். இளமையில் தனம்மாள் அவருடன் சேர்ந்து வாய்ப்பாட்டுக் கச்சேரிகளும் செய்துள்ளார்.

இசைப் பயிற்சி

வீட்டில் பாட்டியிடமும் தாயிடமும் பயின்றதுடன், தனம்மாள் வெவ்வேறு ஆசிரியர்களிடம் வெவ்வேறு பாடல் தொகுதிகளைக் கற்றார். சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்றார். பஞ்சநத ஐயர், தீட்சிதரின் மாணவரான சுத்தமத்தளம் தம்பியப்பரின் வழி வந்தவர். கண்பார்வையற்ற இசைக் கலைஞரான வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசர் பதங்களில் ஆழ்ந்த புலமை உடையவர்; 'பதம்' பால்தாஸ் என்றே அழைக்கப்பட்டவர். அவரிடமிருந்து தனம்மாள் க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களைப் பெற்றார்.

க்ஷேத்ரக்ஞர் 17ஆம் நூற்றாண்டில் ஆந்திரத்தின் மொவ்வா என்னும் ஊரில் தோன்றியவர். தஞ்சை நாயக்க மன்னர் விசயராகவரின் அவைக்கும் வந்தவர். தலைவியின் கூற்றாகவும் தோழியின் கூற்றாகவும் அமைந்த அவருடைய பதங்கள், இயற்றப்பட்ட நிலத்தை விடத் தமிழகத்திலேயே நன்கு நிலைத்தன. அவை ஏட்டிலிருந்து படிக்கப்பட்டவை அல்ல. ஆடுவோரும் பாடுவோருமான பெண்கள் ஒரு தலைமுறை பாட மறு தலைமுறை கேட்டு மனனம் செய்தே அவை வந்தன. ஒரு பதத்தின் சொற்களை அச்சிட்டுவிடலாம். ஆனால் ஒரே எழுத்தின் மீது இராகம் எவ்வளவு நேரம் தங்கி, எந்த வளைவில் இறங்க வேண்டும் என்பதை அச்சில் காட்ட இயலாது. இதனாலேயே ஒரு குடும்பம் பாடுவதை நிறுத்திவிட்டால் அதனிடம் உள்ள பதங்களின் இசையும் அத்துடன் மறையும் நிலை இருந்தது.

தமிழ்ப் பதங்களும் இக்குடும்பத்தாரிடம் நிறைய இருந்தன. உடையார்பாளையம் சமஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் ஆகியோர் இயற்றியவை அவற்றுள் முதன்மையானவை.

ஜாவளிகளைப் பொறுத்தவரை, அவற்றை இயற்றியவர்களுள் ஒருவரான தருமபுரி சுப்பராயர் தனம்மாளின் நெருங்கிய நண்பராகவும் அவர் இசையில் ஈடுபாடு கொண்டவராகவும் இருந்தார். சுப்பராயரின் சில ஜாவளிகள் தனம்மாளை முன்னிட்டே பிறந்தன என்ற கதைகள் இசை உலகில் வழங்குகின்றன. கதைகள் எவ்வாறாயினும், அந்த ஜாவளிகள் புதியனவாக இருந்தபோதே தனம்மாளின் இல்லத்தில் ஒலித்தன என்பதில் ஐயமில்லை.

வாசிப்பு முறை

தனம்மாள் வீணையை மீட்டுவதற்கு உலோக நெளி அணியாமல் தம் விரல் நகத்தாலேயே மீட்டினார். இதனால் ஒலி மென்மையாகவும் சிறியதாகவும் இருந்தது. வாசித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பாடுவதும் அவர் வழக்கம். பெரும்பாலும் மிருதங்கத் துணையின்றியே வாசித்தார். விரைவு, ஆரவாரம், நீண்ட கணக்கு வழக்குகள் ஆகியவற்றுக்கு அவர் இசையில் இடமில்லை. விளம்ப காலத்தில், சொல்லின் பொருளுக்கு இயைய, கமகங்களுடன் இழைத்து வாசிப்பதே அவருடைய முறை. சுருக்கம் இவ்விசையின் மற்றொரு பண்பு. இராகத்தின் உருவம் சில சொற்றொடர்களிலேயே முழுமையாகத் தெரிந்துவிடும் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியுள்ளனர்.

வெள்ளிக்கிழமைக் கச்சேரிகள்

ஜார்ஜ் டவுன் இராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்த தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பார். அழைப்பிதழோ நுழைவுச் சீட்டோ இல்லை. சென்னையின் பெரும் வித்துவான்களும் சுவைஞர்களும் அங்குக் கூடுவர். கேட்போர் முழு அமைதி காக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். சிறு ஒலியும் அவருக்கு இடையூறாக இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் நகத்தால் மீட்டப்படும் வீணையைப் பின்வரிசையில் இருப்பவரும் கேட்க வேண்டுமெனில் அந்த அமைதி தேவையானதே.

பொது மன்றங்களிலும் சபாக்களிலும் கச்சேரி மரபு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய அரங்கம், பெருந்திரளான மக்கள், பலத்த தாளக் கருவிகள் என்று இசை வெளியே சென்றபோது, தனம்மாளின் இசை ஒரு சிறு கூடத்திற்கென அமைந்ததாகவே இறுதிவரை இருந்தது. இதனால் அவர் பொருள் இழப்புக்கு ஆளானார் என்றே கொள்ள வேண்டும். வருவாய் நிலையானதாக இல்லை, பெரிய குடும்பம், கை தாராளம். கடன் தொல்லை அவரை விட்டு நீங்கவில்லை. முதுமையில் கண்பார்வையும் குன்றியது.

சமூகச் சூழல்

தனம்மாளின் பிற்கால வாழ்வு, தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்ற காலத்தில் அமைந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் இதற்கென முயன்றார். பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. சிறுமிகள் சுரண்டப்படுவதைத் தடுக்க அச்சட்டம் தேவைப்பட்டது. அதே வேளையில், இசைக்கும் நடனத்திற்கும் வாழ்நாளை அளித்திருந்த குடும்பங்கள் மீது பொதுவாக ஓர் இழிவு சுமத்தப்பட்டது. அவர்களிடமிருந்த கலையைப் பிற சமூகத்தார் விரும்பிக் கற்றனர்; கற்பித்தவர்களுக்கோ மேடை குறைந்தது. பதங்களின் சிருங்காரச் சுவை தகாதது என்று கருதிச் சிலர் அவற்றைத் தவிர்த்தனர். தனம்மாள் குடும்பத்தினர் பதங்களை உள்ளவாறே பாடி வந்தனர். பிற்காலத்தில் பாலசரஸ்வதி சிருங்காரமே இக்கலையின் உயிர் என்னும் கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

இசைத்தட்டுகள்

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அந்நிறுவனங்களின் முகவர்கள் சென்னைக்கும் வந்தனர். முதலில் தட்டுகளில் பாடியவர்களுள் பெரும்பாலோர் தனம்மாளைப் போன்ற மரபுவழிக் கலைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களே. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் இவ்வகையில் அறியப்பட்டவர்கள். உயர்ந்த சாதியினரான ஆண் வித்துவான்கள் பலர் தயங்கிய நிலையில் இப்பெண்கள் துணிந்து முன்வந்தனர்.

தனம்மாள் அவ்வரிசையில் இல்லை. அவருடைய தட்டுகள் 1930களின் தொடக்கத்தில்தான், கொலம்பியா நிறுவனத்தால் பதிவு செய்யப்பட்டன. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. இத்தாமதத்திற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1925க்கு முன் ஒலியைப் பெரிய கூம்பு ஒன்றின் முன் உரக்க எழுப்பியே பதிய வேண்டியிருந்தது. கூம்பை நிறைக்கும் குரலுடைய பாடகர்களுக்கு அது ஏற்றது. நகத்தால் மீட்டிய வீணைக்கு ஏற்றதன்று. ஒலிவாங்கியுடன் கூடிய மின்வழிப் பதிவு வந்த பின்னரே மெல்லிய ஒலிகளை ஓரளவு பிடிக்க முடிந்தது.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டுகளின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல் மட்டுமே இசை கொள்ளும். ஒரு பதத்தை விளம்ப காலத்தில் முழுமையாகப் பாடப் பத்து நிமிடமேனும் வேண்டும். எனவே தட்டுகளில் கிடைப்பது தனம்மாளின் இசையின் சாயலே. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்கு அடியில் வீணையையும், அதனுடன் இழையும் முதிய குரலையும் கேட்கலாம். அவருடைய சுருக்கமான பாணி இக்குறுகிய அளவிற்குள்ளும் சிதையாமல் நிற்பது வியப்புக்குரியது.

இவ்விடத்தில் ஸ்காட்லாந்து நாட்டின் ஓர் எடுத்துக்காட்டு ஒப்பிடத் தக்கது. அங்கும் பழைய கதைப்பாடல்கள், சமூகத்தில் தாழ்வாக எண்ணப்பட்ட நாடோடிக் குடும்பங்களின் பெண்களிடமே தாய்வழியாக நிலைத்திருந்தன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. அதனைச் சார்ந்த ஹேமிஷ் ஹெண்டர்சன் 1953இல் அபர்தீன் நகரில் ஜீனி ராபர்ட்சன் (1908 - 1975) என்னும் பாடகரைக் கண்டறிந்தார். தம் தாயிடம் கற்ற பாடல்களை ஜீனி அவருக்குப் பாடினார். அவை ஒலிநாடாவில் முழுமையாகப் பதிவாயின. ஜீனியின் மகள் லிசி ஹிக்கின்ஸும் பின்னர்ப் பாடகராகப் புகழ்பெற்றார். தனம்மாளின் வீட்டிற்கு அவ்வாறு ஒலிப்பதிவுக் கருவியுடன் எவரும் செல்லவில்லை. நீண்ட நேரம் பதியும் ஒலிநாடா இந்தியாவில் பரவியது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. நான்கு மாதங்களில், அக்டோபர் 15 அன்று, தனம்மாள் காலமானார்.

மகள்களும் பேரப்பிள்ளைகளும்

தனம்மாளின் மகள்கள் இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி ஆகிய நால்வர். இராஜலட்சுமியும் லட்சுமிரத்தினமும் இணைந்து கச்சேரிகள் செய்தனர். லட்சுமிரத்தினத்தின் மகன் டி. சங்கரன் (1906 - 2001) வானொலியில் பணியாற்றினார். குடும்பத்தின் வரலாற்றைக் கட்டுரைகளாக எழுதி வைத்தவர் இவரே. பாட்டியின் பெருமையை மட்டுமன்றி வீட்டின் வறுமையையும் வேடிக்கைகளையும் சேர்த்தே எழுதியிருப்பது இவருடைய கட்டுரைகளின் சிறப்பு.

காமாட்சியின் மகள்கள் பிருந்தா (1912 - 1996), முக்தா (1914 - 2007), அபிராமசுந்தரி (1918 - 1973). பிருந்தா பாட்டியிடமும் தாயிடமும் கற்றதுடன், தாளத்தில் வல்லவரான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பயின்றார். பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாட, அபிராமசுந்தரி வயலின் வாசித்தார். பிருந்தா, முக்தா ஆகியோரின் வானொலிப் பதிவுகளும், கச்சேரிகளில் சுவைஞர்கள் எடுத்த ஒலிநாடாக்களுமே தனம்மாள் பாணிப் பதங்களின் மிகப் பெரிய ஒலிக் களஞ்சியம் எனலாம். தட்டு மூன்று நிமிடத்தில் அறுத்துவிட்ட பதத்தை இங்கு முழு நீளத்தில் கேட்கலாம். இரு குரல்களும் ஒரே கமகத்தை ஒரே வேளையில் ஏறி இறங்குவதைக் கேட்கும்போது, இது ஒருவருடைய கற்பனை அன்று, ஒரு வீட்டின் பாடம் என்பது விளங்கும்.

பிருந்தா கற்பிப்பதில் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றிருந்தார். எனினும் முன்னணிக் கலைஞர்கள் அவரை நாடி வந்தனர். செம்மங்குடி சீனிவாச ஐயர், எம். எஸ். சுப்புலட்சுமி, இராமநாதபுரம் கிருஷ்ணன் ஆகியோர் அவரிடம் பதங்கள் கற்றவர்கள். பிற்காலத்தில் அருணா சாயிராம், சித்திரவீணை ரவிகிரண் ஆகியோர் அவரிடம் பயின்றனர். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிருந்தா வருகைதரு கலைஞராகக் கற்பித்தார். 1976இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பட்டது. ஜாவளிகளைச் சுரக் குறிப்புடன் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். காதால் மட்டுமே வந்த ஒரு மரபினர் தாமே அதனை அச்சுக்குத் தந்தது கருதத்தக்கது. அவருடைய மகள் வேகவாகினி விஜயராகவனும் இப்பாணியில் பாடியவர்.

ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி (1918 - 1984) கந்தப்பப் பிள்ளையிடம் நடனம் பயின்று 1925இல் தம் ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அவர் ஆடும்போது தாயார் ஜயம்மாள் பாடுவார். அபிநயத்தின்போது பாலசரஸ்வதி தாமும் பாடிக்கொண்டே ஆடுவார். பதத்தின் பொருளை இசையிலிருந்து பிரிக்காத பாட்டியின் முறை இவ்வாறு நடனத்திலும் தொடர்ந்தது. 1963இல் எடின்பரோ விழாவில் அவர் ஆடினார். 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். நடனக் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. சத்யஜித் ராய் 1976இல் அவரைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படத்தை இயக்கினார். பாலசரஸ்வதியின் மகள் இலட்சுமி நைட் (1943 - 2001), அவர் மகன் அனிருத்த நைட் ஆகியோரும் நடனக் கலைஞர்களாயினர்.

பாலசரஸ்வதியின் தம்பியர் ரங்கநாதன் (1925 - 1987), விசுவநாதன் (1927 - 2002) இருவரும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தனர். விசுவநாதன் புல்லாங்குழலில் பதம் வாசிக்கும்போது இடையில் குழலை இறக்கிவிட்டு அதே வரியைப் பாடிக் காட்டுவார். வீணையுடன் பாடிய பாட்டியின் வழக்கத்தை இது நினைவூட்டும். கருநாடக இசை பாடிப் புகழ்பெற்ற அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் இவருடைய மாணவர்.

நினைவுகூரல்

இந்திய அஞ்சல் துறை 2010 டிசம்பர் 3 அன்று வீணை தனம்மாள் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. அதே நாளில் வெளியான அஞ்சல்தலைகளுள் ஒன்று அவருடைய பேத்தி பாலசரஸ்வதிக்கு உரியது.